தேர்தல் நிதி: தானமா, விலையா?

ஈதல் என்னும் செயல் ஒன்றேயாயினும், ஈவோனின் எண்ணம், ஏற்போனின் தகுதி, ஈயப்படும் பொருள் வந்த வழி ஆகிய மூன்றையும் பொறுத்தே அதன் பயன் அமையும் என்பது நம் முன்னோர் கண்ட முடிவு. உணவு, மருந்து, கல்வி, அபயம் என்னும் நால்வகைத் தானங்களையும் இயன்றவரை செய்துவரும் குடும்பங்களின் வாயிலுக்குத் தேர்தல் காலந்தோறும் வேறொரு கோரிக்கையும் வருகின்றது. கட்சிக்கு நிதி தாருங்கள் என்பதே அக்கோரிக்கை. கொடுப்போரில் சிலர் இதனையும் கோயில் திருப்பணிக்கும் பள்ளிக் கட்டடத்திற்கும் எழுதும் நன்கொடைக் கணக்கிலேயே சேர்த்துவிடுகின்றனர். வேறு சிலர், வணிகம் நடத்துவோர் செலுத்தியே தீரவேண்டிய ஒருவகை வரி இது என்று எண்ணிப் பெருமூச்சுடன் கொடுத்தனுப்புகின்றனர். இவ்விரு எண்ணங்களில் எது சரி? அல்லது இரண்டுமே தவறா? குடியாட்சியில் தேர்தற் செலவை யார் ஏற்பது அறமாகும் என்னும் வினாவை இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம்.

முதற்கண் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். தேர்தலுக்குச் செலவாவது தன்னளவில் குற்றமன்று. 2024ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் நம் நாட்டின் வாக்காளர் தொகை ஏறத்தாழ 97 கோடி. ஒரு மக்களவைத் தொகுதிக்குச் சராசரியாக 17 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் ஆகின்றனர். இத்துணை பேரிடமும் தம் பெயரையும் கொள்கையையும் கொண்டு செல்ல வேண்டுமாயின் வாகனம், துண்டறிக்கை, மேடை, ஒலிபெருக்கி ஆகிய யாவும் தேவை. செலவே கூடாதென்று விதித்தால், முன்னரே புகழும் பதவியும் பெற்றவர் மட்டுமே வெல்ல இயலும்; புதியவர் தம்மை அறிமுகம் செய்துகொள்ளவும் வழியிராது. ஆகவே செலவு உண்டு. அதனை யாரோ ஒருவர் ஏற்றாக வேண்டும். ஏற்பதற்குரியோர் மூவர். வேட்பாளர் தாமே ஏற்கலாம், பிறர் கொடுக்கலாம், அல்லது அரசு கொடுக்கலாம். இம்மூன்று வழிகளையும் ஒவ்வொன்றாக நோக்குவோம்.

வேட்பாளர் தாமே ஏற்பது தூய வழியாகத் தோன்றும். எவருக்கும் கடன்படாதவர் எவருக்கும் அஞ்ச வேண்டியதில்லையன்றோ? ஆனால் 2022ஆம் ஆண்டு சனவரியில் உயர்த்தப்பட்ட வரம்பின்படி, தமிழ்நாடு போன்ற பெரிய மாநிலங்களில் மக்களவை வேட்பாளர் ஒருவர் செலவிடத்தக்க தொகை 95 இலட்ச ரூபாய். சட்டமன்ற வேட்பாளருக்கு 40 இலட்சம். நேர்மையாக உழைத்துண்ணும் ஆசிரியரோ உழவரோ சிறு கடைக்காரரோ இத்தொகையை எங்ஙனம் திரட்டுவர்? இவ்வழி ஒன்றே உண்டெனில் பிரதிநிதித்துவம் என்பது செல்வர்க்கே உரியதாகிவிடும். மேலும், தம் கைப்பொருளைக் கோடிக்கணக்கில் இறைத்தவர் அதனை முதலீடாகக் கருதத் தொடங்குவது மனித இயல்பு. முதலீடு செய்தவர் ஊதியத்தை எதிர்பார்ப்பார். ஆகவே இரண்டாம் வழிக்கு வருகின்றோம்.

நன்றிக்கடன் என்னும் சிக்கல்

பிறர் கொடுக்கும் நிதியால் நேரும் தீங்கைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் தீயவர்களையே மனத்திற்கொண்டு பேசுகின்றனர். கையூட்டுப் பெறும் அமைச்சர், ஒப்பந்தத்தை விலைக்கு வாங்கும் முதலாளி ஆகியோரைச் சுட்டிக்காட்டி, நல்லவர்கள் பதவிக்கு வந்தால் யாவும் சரியாகிவிடும் என்கின்றனர். நம் கருத்தில் இச்சிக்கலின் ஆழம் நல்லவரிடத்தில்தான் புலப்படுகின்றது.

நல்லவர் ஒருவர் தேர்தலில் நிற்கின்றார் என்று கொள்வோம். கைப்பொருள் இல்லாத நிலையில், ஓர் ஆலை உரிமையாளர் தாமாக முன்வந்து பெருந்தொகை ஒன்றைத் தருகின்றார். நிபந்தனை ஏதும் இல்லை. வேட்பாளர் வெல்கின்றார். ஈராண்டு கழிந்தபின் அவ்வாலையின் கழிவுநீர் தம் வயல்களைப் பாழாக்குவதாக உழவர்கள் அவரிடம் முறையிடுகின்றனர். இப்போது அவர் செய்யத்தக்கது யாது? தீயவராயின் அவருக்குக் குழப்பமில்லை. பெற்றதை மறந்துவிடுவார், அல்லது மேலும் பெற்றுக்கொள்வார். நல்லவரோ உதவியை மறவாதவர். செய்ந்நன்றி மறத்தலைக் கழுவாயற்ற குற்றமாகக் கருதும் மரபில் வளர்ந்தவர். காலத்தே உதவியவரை எதிர்த்து நடவடிக்கை எடுக்க அவர் மனம் கூசும். ஒருபுறம் நன்றி என்னும் அறம். மறுபுறம் நடுவுநிலைமை என்னும் அறம். இரண்டும் மோதுகின்றன. ஒன்றைக் காத்தால் மற்றொன்று வீழும்.

அவர் ஒருவேளை உழவர் பக்கமே நின்றுவிடலாம். எனினும் அவருடைய உள்ளம் சற்றே தயங்கியிருக்கும். ஆலை உரிமையாளரின் தரப்பைச் சற்றுக் கூடுதலான பொறுமையுடன் கேட்டிருப்பார். அத்தயக்கத்தின் விலையை உழவர்கள் தம் வயலில் செலுத்துகின்றனர். இங்கே கையூட்டு இல்லை, பேரம் இல்லை, சட்டமீறலும் இல்லை. பெருங்கொடை ஒன்று மட்டுமே உள்ளது. ஆகவே பெருங்கொடை தன்னளவிலேயே நடுவுநிலையைச் சாய்க்கும் பாரம் உடையது என்பது தெளிவாகின்றது.

இதற்கு மாற்று என்ன? நன்றியுணர்வை ஒழித்துவிட இயலாது, ஒழிப்பதும் கூடாது. ஆனால் அதனைப் பகிர்ந்துவிட இயலும். பத்துப் பேரிடம் பத்து இலட்சம் வீதம் பெற்றவர் அப்பத்துப் பேருக்கும் கடன்பட்டவர். பத்தாயிரம் பேரிடம் ஆயிரம் ரூபாய் வீதம் பெற்றவருக்கும் அதே ஒரு கோடிதான் சேர்கின்றது. ஆயினும் அவர் தனியொருவர் எவருக்கும் கடன்பட்டவரல்லர். அவருடைய நன்றிக்கடன் ஊருக்கே உரியது. ஊருக்கு நன்மை செய்தே அதனைத் தீர்க்க இயலும். அவரிடத்தில் நன்றியும் நடுவுநிலைமையும் மோதாது ஒருவழிப்படும். சிறுதொகை பலரிடமிருந்து வருதல் வேண்டும் என்னும் கொள்கைக்கு இதுவே அறவழிப்பட்ட காரணம்.

மறைத்து ஈதல்

இங்கு ஒரு தடை எழுப்பப்படும். வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதவாறு கொடுப்பதே சிறந்த கொடை என்று எல்லா மரபுகளும் போற்றுகின்றன. கல்லில் தம் பெயரைப் பொறித்துக்கொள்வதினும் பெயர் தெரியாமல் கொடுப்பதே மேல் என்போம். அங்ஙனமாயின் கட்சிக்குப் பெயர் மறைத்துக் கொடுப்பது மட்டும் எவ்வாறு இழுக்காகும்?

2018ஆம் ஆண்டு சனவரியில் நடைமுறைக்கு வந்த தேர்தல் பத்திரத் திட்டம் இவ்வினாவிற்கு விடை காண உதவும். பாரத ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளைகளில் ஆயிரம் ரூபாய் முதல் ஒரு கோடி ரூபாய் வரை மதிப்புள்ள பத்திரங்கள் விற்கப்பட்டன. வாங்கியவர் தாம் விரும்பும் கட்சிக்கு அவற்றைத் தரலாம். கட்சி 15 நாள்களுக்குள் பணமாக்கிக்கொள்ளலாம். பத்திரத்தில் வாங்கியவர் பெயர் இராது. ஆனால் வாங்கியவர் யார் என்பது வங்கிக்குத் தெரியும். கொடுப்பவர் தாமே நேரிற்சென்று கட்சியினர் கையில் தரத் தடையில்லை. ஆகவே கட்சியும் அறியும். அறிய இயலாதவர் வாக்காளர் ஒருவரே.

மறைத்துச் செய்யும் தானத்தில் மறைவு ஏற்போனை நோக்கியது. ஏற்போன் தலைகுனியாதிருக்கவும், ஈவோன் கைம்மாறு பெறாதிருக்கவும் அம்மறைவு உதவுகின்றது. தேர்தல் பத்திரத்திலோ ஏற்போனுக்கு யாவும் தெரியும்; கைம்மாறு செய்ய வல்லவரும் அவரே. அக்கைம்மாற்றின் சுமையைத் தாங்க வேண்டிய பொதுமக்களுக்கு மட்டும் அது மறைக்கப்பட்டது. வெளித்தோற்றத்தில் இரண்டும் மறைவே. உள்ளியல்பில் ஒன்றற்கொன்று நேர்மாறானவை.

இத்திட்டத்துடன் சேர்ந்து 2017ஆம் ஆண்டு நிதிச் சட்டம் வேறொன்றையும் செய்தது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், ஒரு நிறுவனம் முந்தைய மூன்றாண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 7.5 விழுக்காட்டிற்கு மேல் கட்சிகளுக்கு வழங்கலாகாது என்று வரையறுத்திருந்தது. அவ்வரம்பு நீக்கப்பட்டது, எக்கட்சிக்கு எவ்வளவு என்று கணக்கில் காட்ட வேண்டிய கடமையும் நீக்கப்பட்டது. இலாபமே இல்லாத நிறுவனமும் வழங்கலாம் என்னும் நிலை உண்டாயிற்று. இலாபம் இல்லாத இடத்திலிருந்து கொடை எவ்வாறு வரும் என்று சிறுவனும் கேட்பானன்றோ?

2024ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு இத்திட்டம் அரசியலமைப்பிற்கு முரணானது என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. தம் வாக்கை அறிந்து அளிக்கும் உரிமையுடைய குடிமக்கள் கட்சிக்கு நிதி வரும் வழியை அறியவும் உரிமையுடையவர் என்பது அத்தீர்ப்பின் சாரம். நிறுவனங்கள் தரும் நிதி பெரிதும் பயன் கருதிய வணிக நடவடிக்கையே என்றும் நீதிமன்றம் கருதியது. அதுவரை 16,000 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட பத்திரங்கள் விற்கப்பட்டிருந்தன. பின்னர்ப் பெயர்ப்பட்டியல் வெளியானபோது, மிகப் பெருந்தொகைக்குப் பத்திரம் வாங்கியிருந்தது லாட்டரித் தொழில் நடத்தும் நிறுவனம் ஒன்று என்பது தெரியவந்தது. அதன் தொகை 1,300 கோடி ரூபாய்க்கும் மேல். அதற்குப் பின்னால் இருந்த எண்ணத்தை நாம் தீர்ப்பிட முற்படவில்லை. இவ்வளவு பெருந்தொகை கைமாறுவதை ஐந்தாண்டுக் காலம் மக்கள் அறியாதிருந்தனர் என்பதொன்றே கவலைக்குரியது.

அத்திட்டத்தை ஆதரித்தோர் கூறிய காரணம் ஒன்றைப் புறக்கணித்தல் நேர்மையாகாது. பெயர் தெரிந்தால் எதிர்க்கட்சிக்குக் கொடுத்த வணிகரை ஆளுங்கட்சி பழிவாங்கும் என்பது அவர்தம் அச்சம். வணிகம் செய்வோருக்கு இவ்வச்சம் கற்பனையன்று என்பது தெரியும். ஆயினும் ஆளுவோருக்கு வங்கி வழியாக அறிய வாய்ப்பளித்துவிட்டு, மக்களுக்கு மட்டும் மறைப்பதனால் அவ்வச்சம் எங்ஙனம் நீங்கும்? வணிகருக்கு வேண்டுவது அபயம். வரித்துறையும் காவல்துறையும் கட்சி வேறுபாடு பாராது நடக்கும் என்னும் உறுதியே அவ்வபயம். அதனை அளிப்பது அரசின் கடமை. சிறுதொகை கொடுப்போரின் பெயரை ஊரறியச் செய்ய வேண்டிய தேவையும் இல்லை. 2003ஆம் ஆண்டுத் திருத்தம் 20,000 ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடைகளைக் கட்சிகள் தேர்தல் ஆணையத்திற்கு அறிவிக்க வேண்டும் என்றே விதித்தது. எளியவரின் கருத்துரிமைக்கு மறைவும், வலியவரின் பணபலத்திற்கு வெளிச்சமும் வேண்டும் என்பது பொருத்தமான அளவுகோலே.

தடைகள் தந்த பாடம்

நிறுவனங்கள் கட்சிக்கு நிதி வழங்கலாமா என்னும் வினா புதியதன்று. 1957ஆம் ஆண்டிலேயே டாட்டா இரும்பு எஃகு நிறுவனம் தன் அமைப்பு விதிகளில் இதற்கு இடமளிக்கத் திருத்தம் வேண்டியபோது, அது பம்பாய் உயர் நீதிமன்றத்திற்கு வந்தது. சட்டம் தடுக்காததால் அனுமதித்த தலைமை நீதிபதி எம். சி. சாக்ளா, இவ்வழக்கம் குடியாட்சிக்கு ஊறு விளைவிக்கக்கூடும் என்று அத்தீர்ப்பிலேயே எச்சரித்தார். இரும்பு உருக்குவதற்கென்று தம் சேமிப்பைப் பங்காக அளித்தவர் பலர். அவர்களுள் எல்லாக் கட்சியினரும் இருப்பர். இயக்குநர்கள் அப்பொருளை ஒரு கட்சிக்குத் தரும்போது தம் பொருளைத் தருகின்றாரில்லை. பிறர் பொருளைத் தம் விருப்பத்திற்கு வழங்குவதை ஈகை என்று எந்த நூலும் கூறாது. மேலும் நிறுவனத்திற்கு வாக்குரிமை இல்லை. வாக்கில்லாத ஒன்று வாக்குள்ளவரினும் பெரிய குரலைப் பெறுவது முறையாகுமா?

1960இல் நிறுவன நன்கொடைக்கு வரம்பு விதிக்கப்பட்டது. 1969இல் அது முற்றிலும் தடை செய்யப்பட்டது. ஆனால் விளைவு வேறாயிற்று. கட்சிகளின் தேவை குறையவில்லை. மாற்று வழியும் காட்டப்படவில்லை. பணம் கணக்கில் வாராத வழிகளில் ஓடத் தொடங்கியது. கட்சி மலர்களில் ஒரு பக்க விளம்பரத்திற்குப் பொருந்தா விலை கொடுப்பது போன்ற உபாயங்கள் பெருகின. 1985இல் தடை நீக்கப்பட்டு, சராசரி இலாபத்தில் ஐந்து விழுக்காடு என்னும் வரம்புடன் அனுமதி மீண்டும் வந்தது.

மற்றொரு நிகழ்ச்சியும் எண்ணத்தக்கது. 1974இல் கன்வர்லால் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், வேட்பாளருக்காக அவருடைய கட்சி செய்யும் செலவும் அவர் கணக்கிலேயே சேரும் என்று தீர்ப்பளித்தது. அவ்வாண்டிலேயே சட்டம் திருத்தப்பட்டு, கட்சியின் செலவு வேட்பாளர் கணக்கிலிருந்து விலக்கப்பட்டது. இதனால் வேட்பாளருக்கு வரம்பும் கட்சிக்கு வரம்பின்மையும் என்னும் விந்தை நிலைத்துவிட்டது. முன்கதவைப் பூட்டிப் பின்கதவைத் திறந்து வைத்த வீட்டிற்கு இதனை ஒப்பிடலாம்.

இவற்றிலிருந்து நாம் கற்கும் பாடம் இரண்டு. நேரிய வழியைத் திறவாமல் தவறான வழியை மட்டும் அடைத்தால் பணம் நிலத்தடி நீர்போல் வேறு வழி காணும். வரம்பு விதிப்பதாயின் வரவு, செலவு இரண்டிற்கும், வேட்பாளர், கட்சி இருவருக்கும் ஒருங்கே விதித்தல் வேண்டும்.

அரசு தரலாமா?

மூன்றாம் வழி அரசே தருவது. 1998ஆம் ஆண்டு இந்திரஜித் குப்தா குழு இதனை ஆராய்ந்து, அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கு அரசு ஓரளவு உதவலாம் என்றும், தொடக்கத்தில் அவ்வுதவி பணமாக அன்றிப் பொருளாகவே அமைய வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அரசு வானொலியிலும் தூர்தர்ஷனிலும் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்குக் கட்டணமின்றி நேரம் ஒதுக்குவது இவ்வகைப்பட்டதே. ஜெர்மனியில் கட்சிகள் அரசிடமிருந்து பணமாகவே உதவி பெறுகின்றன. ஆனால் ஒரு கட்சி தானே திரட்டிய தொகையினும் மிகுதியாக அரசிடமிருந்து பெற இயலாது. மக்களிடம் செல்லாத கட்சி அரசிடமும் கை நீட்ட இயலாது என்னும் இவ்வேற்பாடு நுட்பமானது. பிரான்சு 1995லும் பிரேசில் 2015லும் நிறுவன நன்கொடையை விலக்கிவிட்டன.

எதிர்ப்போர் கூற்றிலும் உண்மை உண்டு. தாம் வெறுக்கும் கட்சிக்குத் தம் வரிப்பணம் செல்வதை ஒருவர் ஏன் பொறுக்க வேண்டும்? பழைய கட்சிகளே பயன்பெற, புதியவரும் சுயேச்சைகளும் புறக்கணிக்கப்படமாட்டாரா? தனியார் பணமும் தடையின்றி வந்துகொண்டிருக்க, அரசுப் பணம் அதன்மேல் மற்றொரு வருவாயாக மட்டும் ஆகாதா? 2002ஆம் ஆண்டு அரசியலமைப்புச் செயற்பாட்டு ஆய்வுக் குழுவும், கட்சிகளின் கணக்கை ஒழுங்குபடுத்தாமல் அரசு நிதி தருவது பொருந்தாது என்றே கருதியது.

ஆகவே நம் முடிவு இது. அஞ்சல், அச்சு, ஒலிபரப்பு நேரம், கூட்டம் நடத்தும் இடம் ஆகியவற்றை எல்லா வேட்பாளருக்கும் நேர்மையான முறையில் அரசு வழங்கட்டும். எஞ்சிய செலவைத் தனிமனிதர் தரும் வரம்புக்குட்பட்ட சிறுகொடை ஏற்கட்டும். நிறுவனங்கள் விலகி நிற்கட்டும். கட்சிகளின் கணக்கு, கட்சி சாராத தணிக்கையாளரால் ஆராயப்பட்டு மக்கள் முன் வைக்கப்படட்டும்.

கணக்குக் காட்டாதவர் ஆளத் தகுதியற்றவர் என்பது நம் மண்ணிற்குப் புதிய எண்ணமன்று. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதற்பராந்தகன் காலத்தில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியப் பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலைக்கு உரியரல்லர் என்று விதிக்கின்றது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூர் தனக்கு விதித்துக்கொண்ட ஒழுக்கத்தைப் பெருநாடு ஒன்று விதித்துக்கொள்ள இயலாதா?

வாக்களிப்போர் கையும் கொடுப்போர் கையும்

குற்றம் முழுவதையும் கட்சிகளின்மேல் ஏற்றிவிடுதல் எளிது. ஆனால் செலவு ஏன் பெருகுகின்றது என்று வினவினால் விடை நம் வாயில் வரை வந்து நிற்கும். 1921, 22ஆம் ஆண்டுகளில் வேலூர்ச் சிறையில் இருந்த இராஜாஜி, விடுதலைக்குப் பின் தேர்தலும் அதனுடன் வரும் ஊழலும் செல்வத்தின் ஆதிக்கமும் மக்களை வருத்தும் என்று தம் நாட்குறிப்பில் அஞ்சி எழுதினார். அதே வேலூர்த் தொகுதியில் 2019ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தல், வாக்காளருக்கு வழங்கத் திரட்டியதாகக் கருதப்பட்ட பணம் பிடிபட்டதால் நிறுத்தப்பட்டது. 2016இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017இல் இராதாகிருஷ்ணன் நகரிலும் இக்காரணத்தால் தேர்தல் தள்ளிப்போயிற்று. வாக்குக்குப் பணம் பெறுவோர் உள்ளவரை அதனைத் தருவதற்குப் பெருநிதி தேவைப்படும். பெருநிதி தேவைப்படுமளவும் அதனை அளிக்க வல்லவரின் வாயிலிலேயே கட்சிகள் காத்துக் கிடக்கும். வாக்காளர் பெற்ற சில நூறு ரூபாய் யாருடைய பேரேட்டிலிருந்து வந்ததோ அவருக்கே ஐந்தாண்டு ஆட்சி கடன்படுகின்றது.

சட்டம் திருந்தும்வரை நாம் கைகட்டி இருக்க வேண்டுவதில்லை. கட்சி நிதி கேட்டு வருவோரிடம் கொடுப்பதற்கு முன் நம்மை நாமே சில வினாக்கள் கேட்டுக்கொள்ளலாம். இக்கட்சியின் கொள்கை நமக்கு உண்மையில் உடன்பாடா, அல்லது வெல்லக்கூடியது என்பதற்காகக் கொடுக்கின்றோமா? இதே தொகையை எதிர்க்கட்சிக்கும் கொடுக்க எண்ணுகின்றோமா? அங்ஙனம் இரண்டு பக்கமும் கொடுப்பது கொள்கைக்கு ஆதரவாகாது. அது காப்பீட்டுத் தவணை மட்டுமே. இத்தொகையைக் காசோலையாகத் தந்து ரசீது பெற்று நம் கணக்கில் எழுத இயலுமா? நம் பிள்ளைகள் அக்கணக்கைப் படித்தால் விளக்கம் சொல்லத் தயங்குவோமா? நாம் கொடுத்தோம் என்பதை ஊர் அறிந்தால் நாணுவோமா?

இவ்வினாக்களுக்கு மனம் கூசாது விடை கூற இயன்றால், இயன்ற சிறுதொகையைத் தாராளமாகக் கொடுக்கலாம். நல்லவர் தேர்தலில் நிற்கப் பொருள் வேண்டும். அதனைச் சாதாரண மக்கள் தராவிடில் வேறு யாரோ தருவர் என்பதையும் மறத்தலாகாது. அவ்வகையில் நேர்மையான வேட்பாளருக்கு நூறு ரூபாய் தருவது குடிமகனின் கடமையுமாகும். விடை கூற இயலாதாயின், அக்கொடையைத் தானக் கணக்கில் எழுதாதிருப்போமாக. அது ஒரு விலை. விலை கொடுத்தவர் பொருளை எதிர்பார்ப்பார். அங்கே கைமாறும் பொருளோ நமக்கு மட்டும் உரியதன்று. நம் அண்டை வீட்டாருக்கும், வயலில் நிற்கும் உழவருக்கும், இன்னும் பிறவாத குழந்தைகளுக்கும் பொதுவாக உரிய நீதி.